லிங்கன் குடும்பத்தின் இடுகாடுகள்: வர்ஜீனியா முதல் இல்லினாய் வரை ஆறு நாள்

கிளம்புமுன்

ஆபிரகாம் லிங்கனின் கொள்ளுத்தாத்தா கிடப்பது வர்ஜீனியாவில். தாத்தா கென்டக்கியில். அம்மாவும் அக்காவும் இண்டியானாவில். அப்பாவும், அவர் இரண்டாவதாக மணந்த சின்னம்மாவும் இல்லினாயில். கைக்குழந்தையாகப் போன தம்பி ஒருவனும் கென்டக்கியில்தான் இருக்கிறான். மேற்கே மேற்கே என்று நகர்ந்த முன்னோடிக் குடும்பம் ஒவ்வொரு இடத்திலும் வயலை விற்றது, குடிலை விட்டது. கூட எடுத்துப்போக முடியாதது இடுகாடு மட்டும்தான். அந்த இடுகாடுகளை அவர்கள் நகர்ந்த வரிசையிலேயே பார்க்கப் போகிறோம்.

முன்னோடிகளின் கல்லறைகளைத் தேடிப்போகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். புதைத்தவர்கள் கல் வைக்கவில்லை. நாம் இன்று படிக்கும் கல்லில் பெரும்பாலானவை பிறகு வேறு யாரோ வைத்தவை. ஆகவே கல்லில் எழுதியதை நம்புமுன் மண்ணையும் ஆவணத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஆறு நாளும் அதற்கான பயிற்சியாகவே திட்டமிடப்பட்டிருக்கிறது.

பையில் இருக்க வேண்டியவை: 30 மீட்டர் அளவு நாடா இரண்டு, திசைகாட்டி, சட்டத்தில் பொருத்திய சுமார் 30 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடி, பென்சில் (பேனா மை மழையில் கரையும்), கட்டம் போட்ட நோட்டு, முழங்கால் வைக்க ரப்பர் விரிப்பு. முழுக்கைச் சட்டையும் நீளக் காலுறையும் கட்டாயம். உண்ணி அக்டோபரிலும் இருக்கும், அதனால் பேன்ட்டின் அடிவிளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளவும். மூன்று மூன்று இலையாகக் கொத்துவிட்டு வேலியில் ஏறும் பாய்சன் ஐவி இலையுதிர்காலத்தில் அழகாகச் சிவந்திருக்கும். தொட்டால் கொப்புளம் நிச்சயம். பழைய இரும்பு வேலிகள் அதற்கு மிகவும் பிடித்த இடம்.

முதல் நாள்: லின்வில் க்ரீக், வர்ஜீனியா

ஹாரிசன்பர்க் நகருக்கு வடக்கே, 42ஆம் எண் சாலையை ஒட்டி, ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் லிங்கன்களின் பழைய பண்ணை. ஜான் லிங்கன் பென்சில்வேனியாவிலிருந்து வந்து 1768ல் இங்கே 600 ஏக்கர் வாங்கினார். குடும்ப வரலாற்றில் அவருக்கு 'வர்ஜீனியா ஜான்' என்றே பெயர். இவருடைய மூத்த மகன் ஆபிரகாம்தான் ஜனாதிபதியின் தாத்தா. அவர் 1780களின் தொடக்கத்தில் கென்டக்கிக்குப் போய்விட்டார். தங்கிவிட்ட இன்னொரு மகன் ஜேக்கப்பின் வழியினர் பண்ணையைத் தொடர்ந்தார்கள். 1800 வாக்கில் எழும்பிய செங்கல் வீடு இன்னும் நிற்கிறது. அது தனியார் சொத்து. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. சாலையோரத் தகவல் பலகை எல்லாருக்கும் பொது.

இடுகாடு வீட்டுக்கு அருகே மேட்டுச் சரிவில். ஜான் 1788ல் இறந்தார், மனைவி ரெபெக்கா 1806ல், ஜேக்கப் 1822ல். ஐந்து தலைமுறை லிங்கன்கள் இங்கே இருக்கிறார்கள். கூடவே குடும்பத்தின் அடிமைகளாக இருந்த இருவர்: 'அங்கிள் நெட்', 'க்வீன்'. இருவருக்கும் குடும்பப் பெயர் எழுதப்படவில்லை. அடிமைத்தனத்தை ஒழித்தவரின் பெயரைத் தேடி வருகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். தெற்கத்திப் பண்ணை இடுகாடுகளில் அடிமைகளின் கல்லறைகள் பெரும்பாலும் செதுக்காத வயற்கல்லோடு, வேலிக்கு அந்தப் பக்கத்தில் கிடக்கும். அதனால் வேலிக்குள் மட்டும் எண்ணிவிட்டுக் கணக்கை மூடினால் கணக்கு தப்பு.

குடும்ப இடுகாட்டை ஏன் மேட்டில் வைத்தார்கள்? தண்ணீர் தேங்காது, வெள்ளம் ஏறாது, கலப்பைக்கு உதவாத சரிவை ஒதுக்கினால் விளைநிலம் குறையாது. வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் வேண்டும், கிணற்றுக்கு மேல் சரிவாக இருக்கக் கூடாது. பழைய பண்ணை ஒன்றில் இடுகாடு எங்கே என்று தெரியாவிட்டால், வீடு இருந்த இடத்தில் நின்றுகொண்டு அருகிலுள்ள மேடுகளைப் பாருங்கள். தனியாக நிற்கும் செடார் மரம், தரையெல்லாம் படர்ந்த பெரிவிங்கிள் கொடி, யக்கா, ஐரிஸ் இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அங்கே போய்ப் பார்க்க வேண்டியதுதான். பெரிவிங்கிள் ஐரோப்பாவிலிருந்து வந்த கொடி, காட்டில் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் கல்லறையில் நட்டது, நட்டவர் போய் நூறு ஆண்டு ஆனபிறகும் பச்சையாக இருக்கும்.

வரைபடம் போடுவதை இங்கேயே தொடங்கலாம். அசையாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கவும்: கல்சுவரின் மூலை, வேலியின் மூலைத்தூண். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கல்லுக்கும் நாடா பிடித்து இரண்டு தூரங்களைக் குறிக்கவும். வீட்டுக்கு வந்து கவராயத்தால் இரண்டு வட்டம் போட்டால் அவை வெட்டும் இடத்தில் கல். வெட்டுப்புள்ளி இரண்டு வரும், எந்தப் பக்கம் என்பதை அங்கேயே எழுதிவிட வேண்டும். மரத்தைப் புள்ளியாக வைப்பது எல்லாரும் செய்யும் தவறு. மரம் விழும், படம் பயனற்றுப் போகும். கைப்பேசி காட்டும் இடக்குறிப்பு நல்ல வெளியில் சில மீட்டர் வரை தவறும், மரத்தடியில் இன்னும் மோசம். ஆறடிக்கு ஒரு கல்லறை இருக்கும் இடத்தில் அது போதாது.

கிறிஸ்தவ வழக்கப்படி தலை மேற்கே, கால் கிழக்கே. உயிர்த்தெழும் நாளில் கிழக்கு முகமாக எழ வேண்டும் என்பது நம்பிக்கை. திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் வரிசைகள் சரியான கிழக்கில் இராது. அதற்கு இரண்டு காரணம். வர்ஜீனியாவின் இந்தப் பகுதியில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 10 பாகை மேற்கே விலகியிருக்கிறது. அத்தோடு, புதைத்த நாளில் சூரியன் எழுந்த திசையைப் பார்த்துக் குழி வெட்டியவர்களும் உண்டு. இந்த அட்சரேகையில் கோடைக்கும் குளிருக்கும் இடையில் சூரியன் உதிக்கும் இடம் கிழக்கின் இருபுறமும் சுமார் 30 பாகை வரை நகரும்.

இரண்டாம் நாள்: சாலை, பிறகு லாங் ரன்

இன்று சுமார் 8 மணி நேரம் காரிலேயே. 64ஆம் எண் நெடுஞ்சாலை மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் வழியாகப் போகிறது. கடைசி நாள் போகவேண்டிய ஊரும் சார்ல்ஸ்டன்தான், ஆனால் அது இல்லினாயில். வழிகாட்டிச் செயலியில் மாநிலத்தின் பெயரையும் சேர்த்துப் போடாவிட்டால் வண்டி தலைகீழாகத் திரும்பும்.

லூயிவில்லுக்குக் கிழக்கே லாங் ரன் ஓடை. தாத்தா ஆபிரகாம் 1786 மே மாதம் இங்கே வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடியினரின் தாக்குதலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று மகன்களும் பக்கத்தில் இருந்தார்கள். கடைசியவன் தாமஸுக்கு அப்போது எட்டு வயது. மூத்தவன் மோர்டெகாய் குடிலுக்கு ஓடித் துப்பாக்கியை எடுத்துச் சுட்டதால் தாமஸ் தப்பினான். அந்தத் தாமஸின் மகன்தான் ஜனாதிபதி. லாங் ரன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பழைய இடுகாட்டில் தாத்தா கிடக்கிறார் என்பது மரபுச் செய்தி. அங்கே இருக்கும் நினைவுக்கல் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இத்தகைய கல்லை நோட்டில் பதியும்போது ஒரு வரி கூடுதலாக வேண்டும்: 'நினைவுக்கல், பிற்காலம், புதைத்த இடம் மரபுப்படி.' அந்த ஒரு வரி இல்லாததால்தான் இணையத்தில் ஒரே மனிதருக்கு மூன்று கல்லறைகள் முளைக்கின்றன. கல்லின் வயதை எழுத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். பளபளப்பாகத் தேய்த்த கிரானைட்டில் கூர்மையான எழுத்து இருந்தால் அது 1786ஆக இருக்க வழியே இல்லை. காற்றழுத்த உளி வந்து, ஏறத்தாழ 1890க்குப் பிறகுதான் கிரானைட் சாதாரண மக்களின் கல்லறைக்கு வந்தது. அதற்கு முன்பு பளிங்கு, அதற்கும் முன்பு ஸ்லேட்டும் மணற்கல்லும், எல்லாவற்றுக்கும் முன்பு வயலில் கிடந்த கல்.

மூன்றாம் நாள்: நாப் க்ரீக், கென்டக்கி

ஹாட்ஜன்வில்லுக்கு வடகிழக்கே 31ஈ சாலையில் நாப் க்ரீக் பண்ணை. 1811லிருந்து 1816 வரை லிங்கன் குடும்பம் இங்கே இருந்தது. தாமஸ் என்று அப்பாவின் பெயரே வைக்கப்பட்ட தம்பி இங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே இறந்தான். அவனைப் புதைத்தது அண்டைவீட்டு ரெட்மன் குடும்பத்தின் இடுகாட்டில், பண்ணையைப் பார்த்திருக்கும் குன்றின் மேல். 'டி', 'எல்' என்ற இரண்டு எழுத்து மட்டும் பொறித்த சிறிய வயற்கல் ஒன்று பிற்காலத்தில் அங்கே கண்டெடுக்கப்பட்டது. அந்த இரண்டு எழுத்தை வைத்துத்தான் இடத்தை அடையாளம் சொல்கிறார்கள். அனுமதி கேட்காமல் குன்றில் ஏற வேண்டாம், பண்ணையிலிருந்து குன்றைப் பார்த்தாலே போதும்.

கைக்குழந்தையாகவே போனவனுக்கு இரண்டு எழுத்துக் கல் என்பது அந்தக் காலத்தில் சிறிய மரியாதை இல்லை. கத்தியோ ஆணியோ கொண்டு, எழுத்தறிவு குறைந்த கை ஒன்று உட்கார்ந்து செதுக்கியிருக்க வேண்டும். பல இடுகாடுகளில் குழந்தைகளின் கல் வெறும் கல்தான்.

அடுத்த வீட்டாரின் இடுகாட்டில் ஏன் புதைத்தார்கள்? கென்டக்கியில் நிலம் அளந்த முறையைப் பார்த்தால் புரியும். 'இந்த வெள்ளை ஓக்கிலிருந்து ஓடை வளைவு வரை, அங்கிருந்து இரண்டு சைக்காமோர் மரம் வரை' என்றுதான் பத்திரத்தில் எல்லை எழுதினார்கள். ஒரே நிலத்துக்கு மூன்று உரிமையாளர்கள் வந்து நின்றார்கள். தாமஸ் கென்டக்கியில் தொட்ட நிலமெல்லாம் வழக்கில் சிக்கியது. இண்டியானாவுக்குப் போனதற்கு ஒரு பங்கு அடிமை முறையும், முக்கியமாக நில உரிமைச் சிக்கலும் காரணம் என்று லிங்கனே 1860ல் எழுதினார். நிலம் கையில் நிற்குமா என்று தெரியாதவன் தனக்கென்று இடுகாடு வகுக்க மாட்டான். கென்டக்கிப் பத்திரங்களில் இடுகாட்டைத் தேடுகிறவர்கள், குடும்பத்தின் சொந்த நிலத்தோடு நிற்காமல் நான்கு பக்க அண்டை வீட்டாரின் பத்திரங்களையும் புரட்ட வேண்டும்.

மாலைக்குள் ஓஹியோ ஆற்றைத் தாண்டி ஸ்பென்சர் கவுன்டி, இண்டியானா. ஹாட்ஜன்வில் கிழக்கு நேரம், ஸ்பென்சர் கவுன்டி மத்திய நேரம். ஒரு மணி நேரம் லாபம். ஆனால் பக்கத்து டுபாய்ஸ் கவுன்டி கிழக்கு நேரத்தில் இருக்கிறது. அங்கே அறை எடுத்தால் காலையில் குழப்பம் வரும்.

நான்காம் நாள்: லிட்டில் பிஜன் க்ரீக், இண்டியானா

பயணத்தின் நடுநாயகம் இந்த நாள். 64ஆம் நெடுஞ்சாலையில் 57ஆம் வெளிவழி, டேல் ஊர், அங்கிருந்து 162ஆம் சாலையில் லிங்கன் சிட்டி. 1962ல் தேசிய நினைவிடமாக்கப்பட்ட இடம் சுமார் 200 ஏக்கர். சுண்ணாம்புக்கல் நினைவுக் கட்டடத்துக்கு எதிரே நீளமான புல்வெளிப் பாதை மேட்டை நோக்கி ஏறுகிறது. அதன் முடிவில் மரங்களுக்கு நடுவே முன்னோடி இடுகாடு.

தாமஸ் 1816 டிசம்பரில் குடும்பத்தோடு வந்தார். 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் ஏக்கர் 2 டாலர் விலையில் 160 ஏக்கருக்குப் பதிந்தார். இங்கே மரமும் ஓடையும் எல்லையாக இல்லை. கூட்டரசு அளவையாளர்கள் சதுரம் சதுரமாக அளந்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருந்தார்கள்: டவுன்ஷிப் 4 தெற்கு, ரேஞ்ச் 5 மேற்கு, செக்‌ஷன் 32, தென்மேற்குக் கால்பகுதி. இந்த ஒரு வரி கையில் இருந்தால் இன்றைய வரைபடத்தில் விரலை வைத்துவிடலாம். இண்டியானா, இல்லினாய் இடுகாடுகளைத் தேடுவது கென்டக்கியைவிடப் பலமடங்கு எளிது என்பதற்கு இதுதான் காரணம்.

1818 இலையுதிர்காலத்தில் பால் நோய் வந்தது. இப்போதும் அக்டோபர் தொடக்கத்தில் பாதையோரம் நின்று பார்த்தால் காரணத்தை நேரில் காணலாம்: இரண்டு முதல் நான்கு அடி உயரம், எதிரெதிராக அமைந்த ரம்பப்பல் விளிம்பு இலைகள், உச்சியில் பஞ்சுபோல வெள்ளைப் பூங்கொத்து. பெயர் ஒயிட் ஸ்நேக்ரூட். மர நிழலில் வளர்வது. மழை குறைந்து மேய்ச்சல் புல் காய்ந்த ஆண்டில் மாடுகள் காட்டுக்குள் புகுந்து இதைத் தின்னும். இதிலுள்ள டிரெமெட்டால் நஞ்சு பாலில் இறங்கும். கறக்கிற பசு நஞ்சைப் பாலிலேயே வெளியேற்றிவிடுவதால் பசுவுக்கு நடுக்கம் குறைவாகத் தெரியும், குடித்த கன்றுக்கும் மனிதனுக்கும்தான் அடி. பார்வைக்கும் சுவைக்கும் பாலில் வித்தியாசம் தெரியாது. இந்த நஞ்சைப் பிரித்தறிந்தது 1928ல்தான். அதற்குள் நூறு ஆண்டுகளாக ஊர் ஊராகக் கல்லறை எழும்பியிருந்தது. ஓஹியோ, இண்டியானா, கென்டக்கி, இல்லினாய் இடுகாடுகளில் ஒரே குடும்பத்தில், ஒரே ஆண்டில், ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் இரண்டு மூன்று சாவு தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பால் நோயை. ஏப்ரல், மே சாவுகள் அப்படியே கொத்தாக வந்தால் காரணம் வேறு.

லிங்கனின் அம்மா நான்சியைப் பெற்றோர்போல வளர்த்த தாமஸ் ஸ்பாரோவும் எலிசபெத் ஸ்பாரோவும் முதலில் விழுந்தார்கள். ஸ்பாரோவின் உயில் தேதி 1818 செப்டம்பர் 21. அதற்குச் சாட்சியாகத் தன் அடையாளக் குறியிட்டவர்களில் நான்சி லிங்கனும் ஒருவர். இரண்டே வாரத்தில், அக்டோபர் 5 அன்று, நான்சியும் இறந்தார். வயது 34. மகளுக்கு வயது 11, மகனுக்கு 9. அண்டைவீட்டு நான்சி புரூனரும் அதே பருவத்தில் போனார். இந்த மேட்டில் இவர்கள் அருகருகே கிடக்கிறார்கள்.

சவப்பெட்டிகளைச் செய்தது தச்சரான தாமஸ்தான். மரக்கட்டையைக் குழியின் மேல் கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் கீழே நின்றும் இழுக்கும் நீள ரம்பத்தால்தான் பலகை அறுக்க வேண்டும். ஆணி விலை அதிகம், அதனால் மர ஆணி. மர ஆணிகளைச் சீவிக்கொடுத்தது ஒன்பது வயது மகன் என்பது குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்து, குடிலுக்குத் தெற்கே கால் மைல் தொலைவிலுள்ள இந்த மேட்டுக்கு இழுத்து வந்தார்கள். பெட்டி பச்சை மரத்தில் செய்ததானால் சில ஆண்டுகளில் மூடி உள்வாங்கும், மேலே மண் இறங்கும். கல் இல்லாத கல்லறையைக் காட்டித் தருவது அந்தப் பள்ளம்தான்: பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஆறடி நீளம், குழந்தைகளுக்கு மூன்றடிக்கும் கீழ், நீள்வாக்கு கிழக்கு மேற்காக. நடுப்பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் சூரியன் ஏறிய முதல் ஒரு மணி நேரம், அல்லது மாலையின் கடைசி ஒரு மணி நேரம், தரையோடு கண்ணைத் தாழ்த்திப் பார்க்கவும். மரம் விழுந்து வேர் பெயர்ந்த குழியும் பள்ளம்தான், ஆனால் அது வட்டமாக, ஒரு பக்கம் மேட்டோடு இருக்கும். கம்பியைக் குத்திப் பார்ப்பது, மண்ணைக் கிளறுவது எதுவும் கூடாது. தேசிய நினைவிடம் என்பதால் இங்கே குற்றம், மற்ற இடங்களில் குற்றமும் அவமதிப்பும்.

இறுதிச் சடங்கு அன்றே நடக்கவில்லை. ஊரில் போதகர் இல்லை. மறுஆண்டு கென்டக்கியிலிருந்து வந்த டேவிட் எல்கின்ஸ் என்ற போதகர் கல்லறையில் பிரசங்கம் செய்தார். முன்னோடிகளிடம் புதைப்பதும் இறுதிப் பிரசங்கமும் மாதக்கணக்கில் பிரிந்திருக்கும். போதகரின் குறிப்பேட்டில் உள்ள தேதியை இறந்த தேதியாக எழுதிவிடும் பிழை இங்கிருந்துதான் வருகிறது.

கல்? வைக்கவில்லை. கல்தச்சர் பக்கத்தில் இல்லை, பளிங்கு ஆற்று வழியே வர வேண்டும், காசு அதைவிடத் தூரத்தில் இருந்தது. 1830ல் குடும்பம் இல்லினாய் கிளம்பியபோதும் கல் இல்லை. 1844ல் அரசியல் கூட்டத்துக்காக வந்த லிங்கன், தாயும் ஒரே சகோதரியும் புதைந்த அந்த வட்டாரத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்ததாகக் கடிதத்தில் எழுதினார். கவிதையும் எழுதினார். கல் அப்போதும் வரவில்லை. ஜனாதிபதி ஆனார், கொல்லப்பட்டார், கல்லறை புதருக்குள் கிடந்தது.

1879ல் சவுத் பெண்ட் நகரின் வண்டித் தயாரிப்பாளர் பீட்டர் ஸ்டூடிபேக்கர் 50 டாலர் கொடுத்து இப்போதுள்ள வெள்ளைக் கல்லை வைக்கச் செய்தார். அதற்குள் புதைத்து 61 ஆண்டு ஆகிவிட்டது. இடத்தைச் சுட்டியது ஊர் முதியவர்களின் நினைவு. கல்லில் 'அக்டோபர் 5, 1818 அன்று இறந்தார், வயது 35' என்று இருக்கிறது. அவர் பிறந்தது 1784 பிப்ரவரி 5. கணக்குப் போட்டால் 34 வருடம் 8 மாதம். இது கல்தச்சரின் கவனக்குறைவாக இருக்கலாம், பழைய பேச்சு வழக்கின் விளைவாகவும் இருக்கலாம்: '35ஆம் வயதில்' என்றால் 34 முடிந்து 35 நடக்கிறது என்று பொருள். பைபிள் குறிப்பிலோ முதியவர் வாயிலோ அப்படி வந்ததை எழுத்தில் '35 வயது' ஆக்கிவிடுவார்கள். எந்தக் கல்லிலும் வயதைக் கண்டால் ஓராண்டு முன்னும் பின்னும் இடம் விட்டுத் தேடுங்கள்.

பிறகு வந்தவர்கள் அன்பை அதிகமாகவே காட்டினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கனின் கல்லறையைத் திரும்பக் கட்டியபோது மிஞ்சிய கல்லில் ஒன்றைக் கொண்டுவந்து 1902ல் இங்கே வைத்தார்கள். பின்னர் அதை எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். நுழைவாயிலில் சிங்கச் சிலைகள்கூட நின்றன. 1927ல் நிலவடிவமைப்பாளர் ஃபிரெட்ரிக் லா ஓல்ம்ஸ்டெட் ஜூனியர் வந்து, அலங்காரத்தை அகற்றுங்கள், மரத்தை நடுங்கள் என்றார். அது சரியான யோசனை என்பது அந்தப் புல்வெளிப் பாதையில் நடக்கும்போதே தெரியும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் பார்க்கும் காடு 1818ன் காடு இல்லை. இடையில் வயலாகவும் ஊராகவும் இருந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டில் நட்டு வளர்த்தது. ஆகவே இங்கே மரத்தின் பருமனை வைத்துக் கல்லறையின் வயதைச் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள்: தேவாலய இடுகாடு, கல் படிக்கும் நாள்

சாலைக்கு எதிர்ப்புறம் லிங்கன் மாநிலப் பூங்கா. அதற்குள் லிட்டில் பிஜன் பாப்டிஸ்ட் தேவாலயம். சபை தொடங்கியது 1816ல், மரக்கட்டைக் கட்டடம் எழும்பியது 1820களின் தொடக்கத்தில், அதில் தாமஸின் கை உண்டு. இப்போது நிற்கும் கட்டடம் பிற்காலத்தது. இடுகாட்டில் அக்கா சாரா கிரிக்ஸ்பி. 1826 ஆகஸ்டில் திருமணம், 1828 ஜனவரி 20ல் பிரசவத்தில் மரணம். குழந்தையும் பிழைக்கவில்லை, தாயோடு சேர்த்தே புதைத்தார்கள் என்பது மரபு. கணவர் ஆரன் 1831ல் இறந்து பக்கத்திலேயே இருக்கிறார்.

வயதுக் கணக்கை இங்கே பழகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லில் பிறந்த தேதி இராது. இறந்த தேதியும், 'இத்தனை வருடம், மாதம், நாள்' என்ற வயதும் இருக்கும். சாராவின் வயது 20 வருடம் 11 மாதம் 10 நாள். இறந்த தேதியிலிருந்து முதலில் வருடத்தைக் கழிக்கவும்: 1808 ஜனவரி 20. பிறகு மாதம்: 1807 பிப்ரவரி 20. கடைசியில் நாள்: 1807 பிப்ரவரி 10. அதுவே அவர் பிறந்த நாள். நாளை முதலில் கழித்தால் மாத முடிவில் ஒன்றிரண்டு நாள் தவறும், அதனால் வரிசை முக்கியம்.

மங்கிய கல்லைப் படிக்கச் சுண்ணாம்புக்கட்டி, மாவு, ஷேவிங் க்ரீம் தேய்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மாவு பூஞ்சைக்குச் சோறு. க்ரீமிலுள்ள கொழுப்பமிலம் பளிங்கின் துளைக்குள் புகுந்து தங்கும். வேண்டியது வெளிச்சம் மட்டும்தான். ஒருவர் கல்லின் பக்கவாட்டில் சில அடி தள்ளி நின்று, கண்ணாடியால் சூரிய ஒளியைக் கல்லின் முகத்தில் சாய்வாக, ஏறத்தாழ உரசிச் செல்லும்படி விழவைக்க வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, இல்லாத எழுத்தெல்லாம் எழும்பி வரும். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், நேர் வெளிச்சத்தில் ஒரு படம். கேமராவைக் கல்லின் நடுவுக்கு நேராக, கல்லின் உயரத்துக்குக் குனிந்து பிடிக்கவும். அதிகம் மாறிப்போகும் எண்கள் 1ம் 7ம், 3ம் 8ம். அடிப்பகுதி புல்லில் மறைந்திருந்தால் கையால் விலக்கலாம், தோண்டக் கூடாது.

கழுவுவது நினைவிடங்களில் நம் வேலை இல்லை. சொந்தக் குடும்பத்தின் இடுகாட்டிலோ, பொறுப்பாளர் அனுமதி தந்த இடத்திலோ கழுவ வேண்டி வந்தால் முறை இது. விரல் மடக்கி மெதுவாகத் தட்டவும். வெறுமையான சத்தம் வந்தாலோ, சர்க்கரைபோல மணல் உதிர்ந்தாலோ தொடாமல் விட்டுவிடவும். நல்ல கல்லானால் முதலில் முழுக்க நனைக்கவும். நைலான் அல்லது நார்த் தூரிகை, கீழிருந்து மேலாக, வட்டவட்டமாக. மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த பகுதியில் வழிந்து கறைக்கோடு போடும். கெட்டியான பாசியை மரக்குச்சியால் மட்டும் நெம்பவும். ஒரு கல்லுக்கு 10 லிட்டராவது தண்ணீர் வேண்டும், பாதி அலசவே போய்விடும். அடுத்த சில இரவுகளில் உறைபனி வருமானால் கழுவவே கூடாது. உள்ளே போன தண்ணீர் உறைந்து விரிந்து, மணற்கல்லை ஏடு ஏடாக உரித்துவிடும். ப்ளீச் வெள்ளையாக்கும், ஆனால் உப்பைக் கல்லுக்குள் விட்டுப்போகும். அது படிகமாகி உள்ளிருந்தே மேற்பரப்பை உடைக்கும். வினிகர் பளிங்கைக் கரைக்கும். கம்பித் தூரிகையும் அழுத்த நீர்க்குழாயும் ஐம்பது ஆண்டுத் தேய்மானத்தை ஒரே நாளில் முடிக்கும். சாய்ந்த கல்லைச் சிமெண்டில் நடுவது மிகக் கொடுமையானது. சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி, நெகிழாது. நிலம் அசையும்போது கல்தான் தரைமட்டத்தில் ஒடியும். சரளையும் மணலும் போட்டு இறுக்கி நிறுத்தினால் போதும்.

இண்டியானாவில் கவனிப்பாரற்ற இடுகாட்டைக் கண்டால் யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1939 பிப்ரவரி 28க்கு முன் தொடங்கி, வேறு பொறுப்பாளர் இல்லாமல் கிடக்கும் இடுகாடுகளைப் பராமரிப்பது டவுன்ஷிப் டிரஸ்டியின் (வட்டார நிர்வாகப் பொறுப்பாளர்) கடமை. இறப்புப் பதிவு இங்கே 1882ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவர்களுக்குத் தேவாலயக் குறிப்பேடு, உயில், குடும்ப பைபிள், இந்தக் கல் இவ்வளவுதான் சாட்சி. ஒரு கல் உடைந்தால் ஒரு மனிதர் இருந்ததற்கான கடைசித் தடயமே போய்விடக்கூடும்.

ஆறாம் நாள்: ஷைலோ, இல்லினாய்

மூன்று மணி நேர ஓட்டம். இல்லினாயின் சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே 8 மைலில் லிங்கன் லாக் கேபின் வரலாற்றிடம். தாமஸ் கடைசியாக வாழ்ந்த கூஸ்நெஸ்ட் புல்வெளிப் பண்ணை அது. அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் ஷைலோ இடுகாடு. முன்பு கார்டன் குடும்பத்தின் இடுகாடு என்றே பெயர். இங்கேயும் லிங்கன்கள் அடுத்தவர் இடுகாட்டில்தான்.

தாமஸ் 1851 ஜனவரி 17ல் இறந்தார். அதற்கு ஐந்து நாள் முன்பு மகன் எழுதிய கடிதத்தில், இப்போது சந்தித்தால் மகிழ்ச்சியைவிட வேதனையே மிஞ்சுமோ என்று இருந்தது. அடக்கத்துக்கும் வரவில்லை. 1861 ஜனவரி இறுதியில், வாஷிங்டனுக்குக் கிளம்புமுன், சின்னம்மா சாரா புஷ் லிங்கனைப் பார்க்க வந்தபோதுதான் அப்பாவின் கல்லறைக்கு வந்தார். அப்போது கல் இல்லை.

1867 டிசம்பரில் லிங்கனின் மனைவி மேரி, சின்னம்மா சாராவுக்கு எழுதினார்: இறப்பதற்குச் சில வாரம் முன்பு என் கணவர், தந்தையின் கல்லறைக்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கல் வைத்து, பெயரும் வயதும் பொறிக்கப்போவதாகச் சொன்னார், நான் அதை நிறைவேற்றுகிறேன் என்று. தலைமாட்டுக் கல், கால்மாட்டுக் கல் என்று அளவாக, அந்தக் காலத்து முறைப்படியே கேட்டிருக்கிறார். முன்னோடி இடுகாட்டில் இந்த இரண்டும் ஒரு சோடி. கால்மாட்டுக் கல் சிறியது, பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். புல்வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி வேலியோரம் குவித்துவிடுவதால் பல இடுகாடுகளில் முதலில் காணாமல்போவது அதுதான். வேலியோரக் குவியலைப் பார்த்தால் ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, எழுத்துகளைத் தலைமாட்டுக் கல்லோடு பொருத்திப் பாருங்கள்.

அந்தக் கல்லும் அப்போது வரவில்லை. 1880ல் ஊராரின் முயற்சியிலும் பேரன் ராபர்ட் டாட் லிங்கனின் பணத்திலும் தாமஸுக்கு ஒரு நினைவுக்கல் எழும்பியது. பார்க்க வந்தவர்கள் ஞாபகார்த்தம் என்று அதன் ஓரத்தைக் கொத்திக் கொத்தி எடுத்துப்போனார்கள். சாரா 1869 ஏப்ரலில் இறந்தார். 1861ல் லிங்கன் கொடுத்த கறுப்பு உடையிலேயே அவரைப் புதைத்தார்கள். தாயில்லாத இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அந்தப் பெண்ணின் பெயர் கல்லில் ஏறியது 1924ல், புதைத்து 55 ஆண்டு கழித்து.